குடிக்கு வெளிநோயாளர் சிகிச்சை: கொழும்பில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்கள்

என் தம்பிக்கு 34 வயது, பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். தினம் அரைப் போத்தல் சாராயம், சனிக்கிழமை என்றால் அதைவிடக் கூட. போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, முதல் நாள் கணக்கே இல்லை. போயா அன்று சாராயக் கடைகள் பூட்டியிருக்கும், அந்த ஒரு நாளைத் தாண்ட முடியாது என்ற பயத்தில் இரண்டு நாளுக்கானதை முதல் நாளே வாங்கி அலுமாரிக்குள் உடுப்புகளுக்குப் பின்னால் வைத்துவிடுவான். அலுமாரியில் போத்தலைக் கண்ட அன்றுதான் அம்மா முதல் தடவையாக என்னிடம் "இது பழக்கம் இல்லை, வருத்தம்" என்று சொன்னார். நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். அதற்குப் பிறகு 14 மாதங்களில் அவனைக் கூட்டிக்கொண்டு போன இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் தேடிய நாட்களில் தமிழில் கண்ணில் பட்டதெல்லாம் சென்னை ஆஸ்பத்திரிகளைப் பற்றியதுதான். கொழும்பில் இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம் காலையில் எழும்பி எங்கே போய் நிற்க வேண்டும் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயரும் தனியார் இடங்களின் பெயரும் இதில் வராது. தம்பி இன்னும் அதே கிளினிக்குக்குத்தான் போகிறான், அதே வாங்கில் அவனோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் வீடும் வேலையும் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். கட்டடம் எப்படி, ஏசி இருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று நான் பார்க்கவில்லை. ஒரே ஒன்றைத்தான் பார்த்தேன். சிகிச்சையில் இருக்கிற ஆள் மறுபடி குடித்துவிட்டு அந்த வாசலுக்குப் போனால் என்ன செய்கிறார்கள்? இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் ஒன்றரை மாதமும் நிறையக் காசும் மிஞ்சியிருக்கும்.

முதலில் போனது வெளிநோயாளர் சிகிச்சைக்கே இல்லை. கொழும்புக்கு வெளியே தங்கவைத்துப் பார்க்கிற ஒரு தனியார் இடம். சொந்தக்காரர் ஒருவர் சொன்னார், நாங்களும் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டிச் சேர்த்தோம். 21 நாட்கள். முதல் நாளே குடியை முழுசாக நிறுத்திவிட்டார்கள், பார்க்க டொக்டர் யாரும் இல்லை. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தம்பி கத்தியிருக்கிறான், கையெல்லாம் நடுக்கம், உடம்பு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. "எல்லாருக்கும் அப்படித்தான், பிறகு சரியாகிவிடும்" என்று படுக்கவைத்திருக்கிறார்கள். இது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்கு மாதக்கணக்கில் தெரியாது, பிறகு கிளினிக் டொக்டர் சொல்லித்தான் தெரியும். தினம் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாததைப் பார்ப்பதும் இடம் காலம் தெரியாமல் போவதும் வரலாம், அதில் உயிரும் போகலாம். இதை வாசிக்கிற யாராவது வீட்டில் போத்தலைப் பிடுங்கி ஊற்றிவிட்டுக் கதவைப் பூட்டலாம் என்று நினைத்தால் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு டொக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

21 நாள் முடிந்து வந்தான். ஒன்பதாவது நாள் குடித்தான். நான் அந்த இடத்துக்கு அழைத்தேன். "விதி மீறியிருக்கிறார், திரும்பப் பதிய வேண்டும், முற்பணம் புதிதாகக் கட்ட வேண்டும்" என்றார்கள். என்ன நடந்தது, எப்போது குடித்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு கேள்வி இல்லை. போனை வைத்துவிட்டு நான் குசினியில் உட்கார்ந்து அழுதேன்.

தங்கவைக்கிற எல்லா இடங்களும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, சிலருக்கு அப்படி ஒரு இடம் கட்டாயம் தேவை. ஆனால் சேர்க்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள். டொக்டர் எந்த நாளில் வருகிறார்? வெளியே வந்த பிறகு யார் பார்ப்பார்கள்? தூள் (ஹெரோயின்), ஐஸ் (மெத்) போன்ற போதைப்பொருளுக்கு என்றால் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சை நிலையங்களுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்கிறது.

அப்புறம் அந்தப் பவுடர். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் கொண்டுவந்து தந்தார், சோற்றில் கலந்து கொடுத்தால் தெரியாமலே குடியை வெறுத்துவிடுவாராம். அம்மா அதைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கலக்க இருந்தார். நான் விடவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று பக்கெட்டில் எழுதியிருக்கவில்லை. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது, டைசல்ஃபிராம் என்று பெயர், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஆனால் அதைக்கூட ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. தெரியாமல் மேலே சாராயம் குடித்தால் நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நிலை வரலாம்.

மூன்றாவதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மனநல டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் சேர்த்து 3,500 ரூபா அளவில் வந்தது. ஏழு மணி என்று நேரம் தந்தார்கள், உள்ளே போகும்போது ஒன்பதே முக்கால், உள்ளே இருந்தது ஏழு எட்டு நிமிடம். இதற்கு மாதத்துக்கு இரண்டு தடவை போவது என்றால் எங்களுக்குக் கட்டாது. ஆனால் அந்த டொக்டர் செய்த ஒரு நல்ல காரியத்தை நான் மறக்க மாட்டேன். தம்பியின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், கேட்டுவிட்டு மருந்துத் துண்டை எழுதாமல் ஒரு கடிதம் எழுதினார். "இது ஒரு வருஷ வேலை, இங்கே வந்து காசைக் கரைக்காதீர்கள், நான் காலையில் வேலை செய்கிற அரச ஆஸ்பத்திரிக்கு இதைக் கொண்டு வாருங்கள்" என்றார். சனல் பண்ணுகிற கன்சல்டன்ட்மாரில் நிறையப் பேர் பகலில் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஒரே ஒரு தடவை சனல் பண்ணி, அரச கிளினிக் எங்கே, எந்த நாள் என்று நேராகவே கேட்டுவிடலாம்.

இனி அந்தக் கிளினிக். உண்மையில் இந்த விமர்சனம் அதைப் பற்றியதுதான்.

புதன்கிழமைகளில் நடக்கிறது. எட்டு மணிக்குத் தொடக்கம் என்றாலும் ஆறு, ஆறேகாலுக்குப் போய் நம்பர் எடுக்காவிட்டால் பகல் பன்னிரண்டு தாண்டிவிடும். மனநலக் கிளினிக்கும் இதுவும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில். ஒரு வகையில் அது நல்லது, யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியே தெரியாது. ஆனால் நம்பர் கொடுக்கிற இடத்தில் ஒருவர் "குடிக்கு வந்த ஆட்கள் இந்தப் பக்கம்" என்று சத்தம் போட்டுச் சொல்லி அந்த நன்மையை இல்லாமல் ஆக்கிவிடுவார். முதல் நாள் தம்பி அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வாசலுக்கு நடந்தான், நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினேன். ஒரு கடதாசியில் இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு ஒரு சதம் செலவில்லை. இதைச் செய்யுங்கள் என்று பெட்டியில் எழுதிப் போட்டும் பார்த்தேன், இன்னும் மாறவில்லை.

உள்ளே போனதும் நிலைமை வேறு. இளம் டொக்டர் ஒருவர் முழுசாக நாற்பது நிமிடம் எடுத்தார். எப்போது தொடங்கியது, காலையில் எழும்பியதும் குடிக்க வேண்டி வருகிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, இல்லாததைக் கண்டிருக்கிறாரா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பூச்சி விஷயத்தைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டார். "அப்படியென்றால் இவருக்கு வீட்டில் வைத்து நிறுத்த முடியாது" என்று அன்றைக்கே வாட்டில் போட்டார்கள். ஐந்து நாள். தயமின் என்கிற விட்டமின் ஊசி, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் டயஸிபாம் வகை மாத்திரை, அதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. நான் நகையை அடகு வைத்த 21 நாளில் நடக்காதது ஐந்து நாளில் காசில்லாமல் நடந்தது.

எல்லாருக்கும் வாட்டு தேவையில்லை. எங்களோடு அதே நாளில் வந்த ஒரு த்ரீவீல்காரருக்கு வலிப்பு, மாயத்தோற்றம் ஒன்றும் வந்ததில்லை, வீட்டில் பொறுப்பான மனைவி இருந்தார். அவருக்கு மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்து மனைவியின் கையில் கொடுத்து, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் வந்து காட்டச் சொன்னார்கள். அவர் வாட்டுக்கே போகவில்லை. வலிப்பு வந்தவர்கள், மாயத்தோற்றம் கண்டவர்கள், வேறு பெரிய வருத்தம் இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், வீட்டில் யாரும் இல்லாதவர்கள், இவர்களுக்குத்தான் முதல் சில நாள் படுக்கை.

வெளிநோயாளர் சிகிச்சை என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு வாரம், பிறகு மாதம். ஒரு கிளினிக் கொப்பி. ஒவ்வொரு தடவையும் எடை, பிரஷர், இடைக்கிடை ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை. அப்புறம் கதை. எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, அந்த நேரத்தில் கையில் காசு இருக்கிறதா, எந்தப் பாதையால் வீட்டுக்கு வருகிறாய். கடை பூட்டி வருகிற பாதையில் ஒரு பார் இருக்கிறது, ஒரு மாதம் வேறு தெருவால் வரச் சொன்னார்கள். சம்பளத்தைத் தினக்கணக்கில் வாங்காமல் மாதக்கணக்கில் வாங்க முதலாளியிடம் பேசச் சொன்னார்கள். கேட்க மிகச் சின்ன விஷயங்கள். அவனுக்கு உதவியதில் பாதி இவைதான்.

இனி பெரிய குறை: மொழி. தம்பி நன்றாகச் சிங்களம் பேசுவான், கடையில் நாள் முழுக்க அதுதான். ஆனால் ஆணியும் பைப்பும் விற்கிற சிங்களம் வேறு, இரவு இரண்டு மணிக்கு ஏன் விழித்துக்கொள்கிறாய், அப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்கிற சிங்களம் வேறு. முதல் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் ஒடிட் என்கிற பத்துக் கேள்வித் தாளை நிரப்பினார்கள். மொத்தம் 40 புள்ளி, 8 வந்தாலே கவனிக்க வேண்டும், 20 என்றால் குடிக்கு அடிமையாகியிருக்கலாம். தாள் சிங்களத்தில் இருந்தது, தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒரு அண்ணனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். குடித்த பிறகு குற்ற உணர்வு வருகிறதா என்பது ஏழாவது கேள்வி. அந்த அண்ணன் "குடித்துவிட்டுக் குற்றம் ஏதும் செய்திருக்கிறாயா" என்று கேட்டார். தம்பி பொலிஸ் விசாரணை என்று நினைத்து "ஒருநாளும் இல்லை" என்றான். சுழியம் விழுந்தது, மொத்தம் 23. ஆறு வாரம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு டொக்டர் தமிழில் அதே கேள்வியைக் கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒவ்வொரு நாளும் டொக்டர்" என்றான். 27. நான்கு புள்ளியால் மருந்து மாறவில்லை, ஆனால் அவன் முதல் தடவையாக வாய் திறந்தது அன்றுதான். அந்த டொக்டர் மூன்று மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். 1987இல் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரச கரும மொழி. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தை எல்லாம் இருக்கிற நகரத்தில், பேச்சாலேயே நடக்கிற ஒரு சிகிச்சைக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? கை உடைந்தால் எந்த மொழியிலும் கட்டுப் போடலாம், இது அப்படி இல்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளினிக் வேலைநாளில் காலையில் மட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும், முதலாளிக்கு என்ன காரணம் சொல்வது என்று வேறு யோசிக்க வேண்டும். மருந்து சில தடவை பார்மசியில் இல்லை, வெளியே வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். பெண்கள் வருவது மிகக் குறைவு. ஒரே ஒரு அம்மாவைப் பார்த்தேன், குடையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை மறைத்தபடி கடைசி வாங்கில் இருந்தார், அடுத்த தடவை வரவில்லை. அவருக்கு என்று தனி நேரம் இருந்திருந்தால் வந்திருப்பாரோ என்று இப்போதும் நினைப்பேன்.

இப்போது அந்த நாள்.

கிளினிக் தொடங்கி ஐந்தாவது மாதம். தம்பி டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருந்தான், டொக்டர் அவனிடம் எல்லாம் விளக்கி, ஈரல் பரிசோதனை பார்த்து, அவனே சம்மதித்துத் தொடங்கியது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது போன பிறகுதான் தொடங்கலாம். மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரைக்கும் அது உடம்பில் வேலை செய்யும். வத்தளையில் மச்சானின் கலியாணம் வந்தது. அதற்கு ஐந்து நாள் முதலே எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். ஐந்து நாள் போதும் என்று நினைத்திருக்கிறான். கலியாண வீட்டின் பின்பக்கம் இரண்டு கிளாஸ். பந்தியில் இருந்த எனக்கு ஆள் வந்து சொன்னபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், முகம் செங்கல் நிறம். கலியாண உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சேலைன் ஏற்றி இரவு முழுக்க வைத்திருந்து விடிய அனுப்பினார்கள்.

புதன்கிழமை வந்தது. "நான் போக மாட்டேன் அக்கா, அந்த மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க முடியாது" என்றான். அந்த மிஸ் என்றால் கொப்பி வாங்குகிற தாதி, ஐம்பது வயதிருக்கும், கண்டிப்பானவர், பிந்தி வந்தால் ஏசுவார். எனக்கும் பயம்தான், அந்தத் தனியார் இடத்தின் பதில் இன்னும் காதில் இருந்தது. 176 பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசாமல் போனோம்.

மிஸ் கொப்பியைத் திறந்தார், உள்ளே சொருகியிருந்த ஆஸ்பத்திரித் துண்டை வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார். "வந்தீர்கள்தானே மல்லி, அது போதும்" என்றார் சிங்களத்தில், மல்லி என்றால் தம்பி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை அடியில் வைக்காமல் மேலே வைத்தார், அன்றைக்கு எங்களை முதலிலேயே உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் ஏசவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டார், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தார். பிரஷர் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் மருந்தை விட்டுவிட்டு, பிரஷர் மறுபடி கூடி வருகிறார்கள், இதிலும் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி தொடுகிறார்கள், பிரஷர்காரரை நாங்கள் துரத்துகிறோமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு கொப்பியில் அடுத்த தேதியை எழுதினார். ஒரு மாதமாக இருந்த இடைவெளி ஒரு வாரமாகியிருந்தது. தவறிப்போய் வந்தவனைத் தள்ளி நிறுத்தாமல் கிட்டக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து கன்டீனில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்க முடியாமல் தம்பியின் கை நடுங்கியது. அது சாராயத்தின் நடுக்கம் இல்லை.

இந்த ஒரு நாளுக்காகத்தான் அந்தக் கிளினிக்குக்கு ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். மொழிக்காகவும் நம்பர் கொடுக்கிற இடத்தில் போடுகிற சத்தத்துக்காகவும் ஒன்றைக் கழிக்கிறேன்.

வேறு இடங்களையும் சொல்ல வேண்டும். ஹோர்டன் பிளேஸில் மெல் மெதுர இருக்கிறது, 1974இல் தொடங்கிய இலங்கை சுமித்ரயோவின் ஒரு பகுதி. தங்கவைக்காமல் வந்துபோகிற முறையில், காசு வாங்காமல், குடிக்கும் போதைப்பொருளுக்கும் ஆலோசனை தருகிறார்கள், வீட்டுக்காரருக்கும் சேர்த்து. நான் அங்கே தம்பி இல்லாமல் தனியாகத்தான் போனேன். என் கதையை யாரும் அதுவரை கேட்கவில்லை என்பது அங்கே உட்கார்ந்து பேசத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. தமிழில் பேச வேண்டும் என்றால் முதலே தொலைபேசியில் கேட்டு நேரம் எடுத்துக்கொண்டு போங்கள். அது மருந்து கொடுக்கிற இடம் இல்லை, நடுக்கம், வலிப்பு இருக்கிறவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் தம்பி போகிறான். 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிறார்கள், காசு இல்லை, பெயர் முழுசாகச் சொல்லத் தேவையில்லை. எனக்கு உள்ளே இடமில்லை என்பதால் அவன் சொன்னதைத்தான் எழுத முடியும். அங்கே ஒரு வயதான தமிழ் ஐயா தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார், போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் தம்பி அவருக்குத்தான் எடுக்கிறான். கிளினிக் காலையில் மட்டும் திறந்திருக்கும், குடிக்கிற ஆசை பின்னேரம்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்ப வேறு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது.

சாராயம் இல்லாமல் தூள், ஐஸ் என்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுக்கலாம், மனநல உதவிக்கு 1926, அது அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். எங்கள் லேனில் ஒரு பையன் ஐஸ் பாவித்தான், அவனுடைய அம்மா "இதற்கு ஊசி இருக்கிறதாமே" என்று கேட்டு என்னிடம் வந்தார். ஐஸை விடவைக்க என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இதுவரை இல்லை. பேச்சுச் சிகிச்சையும், ஒழுங்காக வருவதற்கும் பாவிக்காமல் இருப்பதற்கும் சின்னச் சின்னப் பரிசு கொடுத்து ஊக்கப்படுத்துவதும்தான் அதிகம் உதவுகிறது. ஊசி போட்டு ஒரே நாளில் மாற்றுகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தூள் விஷயத்தில் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சில வாரம் விட்டு இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி தொடுகிறவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மறியலிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில்தான் கூடக் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் நாள் கிளினிக்குக்குப் போகிறவர்கள் அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டுகள், சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். கூட ஒருவர் போங்கள், தமிழும் சிங்களமும் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது. ஆனால் டொக்டர் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், கேள்வியை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் இதைப் பழக இரண்டு மாதம் எடுத்தது.

தம்பி இந்தக் கிழமையோடு நான்கு மாதமாகக் குடிக்கவில்லை. இடையில் இன்னொரு தடவையும் தவறினான், அடுத்த புதன் என்னைக் கூப்பிடாமல் தானே போய்ச் சொல்லியிருக்கிறான். இப்போது அவனுக்குத் தேதி மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். போன தடவை வரிசையில் எங்களுக்கு முன்னால் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். மகன் புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை, இருபத்திரண்டு வயது, தலையைக் குனிந்தபடியே இருந்தான். அவரிடம் ஒடிட் தாளைக் கொடுத்தார்கள், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஸ் நிமிர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். உள்ளே போய் ஒவ்வொரு கேள்வியாக அவனுக்குச் சொன்னேன், ஏழாவது கேள்வியில் "குடித்த பிறகு மனசுக்குக் கஷ்டமாக இருக்குமா தம்பி" என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான், அம்மா எழும்பி வெளியே போனார். வெளியே வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "அடுத்த புதனும் வருவியா பிள்ளை" என்று கேட்டார். எங்களுக்குத் தேதி ஐப்பசியில்தான். அன்றைக்கே ஒபிஸுக்கு எடுத்து அடுத்த புதனுக்கு அரை நாள் லீவு போட்டேன்.